வீட்டிலிருந்தே ஊருக்கு ஓதிக்கொடுத்த நானா அஸ்மா

நானா என்றால் நமக்கெல்லாம் மூத்த சகோதரர். மேற்கு ஆபிரிக்காவில் ஹவுஸா மொழி பேசும் முஸ்லிம்களிடம் அதே சொல் ஒரு பெண்ணைக் கண்ணியமாக அழைக்கப் பயன்படுகிறது. நான் எழுதப்போகும் நானா ஒரு பெண்மணி. 1793 ஆம் ஆண்டு பிறந்து 1864 ஆம் ஆண்டு இறையடி சேர்ந்த நானா அஸ்மா. இன்றைய நைஜீரியாவின் வடமேற்கில் இருக்கும் சொகோட்டோ நகரில் மனைவியாக, தாயாக, பெரிய குடும்பமொன்றின் தலைவியாக வாழ்ந்தவர். அந்த வீட்டில் இருந்துகொண்டே, தான் ஒருநாளும் நேரில் பார்த்திராத கிராமத்துப் பெண்களுக்கும் மார்க்கக் கல்வியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்.

உயர்தரத்தில் இஸ்லாமிய நாகரிகத்தை ஒரு பாடமாகப் படிக்கும் எனக்கு இவருடைய வாழ்க்கை மிகவும் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. நம்மைப் போன்ற பிள்ளைகளின் காதில் இரண்டு கேள்விகள் அடிக்கடி விழுகின்றன. பெண் பிள்ளை இவ்வளவு படித்து எங்கே போகப் போகிறாள் என்பது ஒன்று. வீட்டோடு இருக்கும் பெண் எதைத்தான் சாதித்துவிட்டாள் என்பது மற்றது. முதலாவதைக் கேட்பவர்களும் இரண்டாவதைக் கேட்பவர்களும் ஒருவரோடு ஒருவர் வாதாடுவார்கள். ஆனால் வீடு ஒரு கரை, கல்வி மறு கரை, நடுவில் பாலம் இல்லை என்பதில் மட்டும் இரு சாராரும் ஒத்துப்போகிறார்கள். நானா அஸ்மாவின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்த எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் பிறந்த ஊர் தேகல். தந்தை ஷெஹு உஸ்மான் தன் ஃபோடியோ பேரறிஞர்; பிற்காலத்தில் சொகோட்டோ கிலாபத்தை நிறுவியவர். அஸ்மா இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். கூடப் பிறந்த ஆண் பிள்ளைக்கு ஹஸன் என்று பெயர். ஹஸனோடு பிறக்கும் பெண் பிள்ளைக்கு ஹுஸைனா என்று பெயர் வைப்பதுதான் அப்பகுதி வழக்கம். தந்தையோ அஸ்மா என்று வைத்தார். ஹிஜ்ரத்தின்போது தௌர் குகையில் தங்கியிருந்த நபி (ஸல்) அவர்களுக்கும் தன் தந்தைக்கும் உணவு கொண்டுபோன அஸ்மா பின்த் அபூபக்கர் (ரழி) அவர்களை அந்தப் பெயர் நினைவூட்டுகிறது. உணவைச் சுமந்து சென்ற ஒரு மகளின் பெயரைப் பெற்றவர், பிற்காலத்தில் அறிவைச் சுமந்து செல்லப் பெண்களை அனுப்பினார்.

அந்தக் குடும்பத்தில் பெண்கள் கற்பது புதுமையாக இருக்கவில்லை. ஷெஹுவின் தாயும் பாட்டியும் கற்றறிந்தவர்கள். ஊராருக்கெல்லாம் பாடம் நடத்திவிட்டுத் தம் மனைவியரையும் புதல்வியரையும் அறியாமையில் விட்டுவைக்கும் அறிஞர்களை அவர் தம் நூல்களில் வெளிப்படையாகவே கண்டித்தார். அவருடைய உபதேசக் கூட்டங்களுக்குப் பெண்களும் வந்தார்கள். அதைக் குறை சொன்னவர்களுக்குப் பெண்ணுக்குக் கல்வி கடமை என்பதை விளக்கிப் பதில் எழுதப்பட்டது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த அஸ்மா குர்ஆனை மனனம் செய்தார். தாய்மொழியான ஃபுல்ஃபுல்தே, பெரும்பாலான மக்கள் பேசிய ஹவுஸா, அறிஞர்களின் மொழியான அரபு ஆகிய மூன்றிலும் எழுதும் ஆற்றல் பெற்றார். பாலைநில மக்களின் தமாஷெக் மொழியும் அவருக்குத் தெரியும்.

அவருடைய பிள்ளைப் பருவம் அமைதியாகக் கழியவில்லை. 1804 இல் கோபிர் நாட்டு மன்னருடன் ஏற்பட்ட மோதலால் ஷெஹுவும் அவரைப் பின்பற்றியோரும் தேகலை விட்டு வெளியேறினார்கள். அப்போது அஸ்மாவுக்கு வயது பத்து அளவில். அடுத்து வந்த நான்கு ஆண்டுகளும் போர். முகாம் விட்டு முகாம் மாறுதல், பசி, நோய், மரணச் செய்திகள் என்பவற்றின் நடுவே அவர் வளர்ந்தார். போர் முடியும் முன்பே, பதினான்கு வயதளவில், கிடாடோ என்பவருக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். கிடாடோ, அஸ்மாவின் சகோதரர் முஹம்மது பெல்லோவின் உற்ற தோழர். 1808 இல் கோபிரின் தலைநகரான அல்கலாவா வீழ்ந்தது. மறு ஆண்டு பெல்லோ சொகோட்டோ நகரை அமைத்தார். 1817 இல் ஷெஹு காலமானதும் பெல்லோ கலீபாவானார். கிடாடோ அவருடைய வஸீர், அதாவது முதலமைச்சர் ஆனார்.

இதிலிருந்து அஸ்மாவின் குடும்பப் பொறுப்பு எத்தகையது என்பதை ஊகிக்கலாம். வஸீரின் வீடு என்பது கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும் வாழும் வீடு அல்ல. உறவினர்கள், மாணவர்கள், உதவி கேட்டு வருவோர், தூதுவர்கள் என்று நாளெல்லாம் ஆள் நடமாட்டம். 1824 இல் ஸ்கொட்லாந்துப் பயணி ஹியூ கிளாப்பர்டன் சொகோட்டோவுக்கு வந்தபோது அவரைக் கவனித்துக்கொண்டவரும் கிடாடோதான். இத்தனை பேருக்கும் தானியம் அளந்து, சமையலைப் பார்த்து, பிணக்குகளைத் தீர்த்து, பிள்ளைகளையும் வளர்க்க வேண்டும். ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காலத்துப் பெரிய வீடுகள் எல்லாவற்றையும் போல அங்கும் போரில் பிடிபட்ட அடிமைப் பெண்களின் உழைப்பு இருந்தது. அஸ்மாவுக்கு எழுதுவதற்கு நேரம் கிடைத்ததில் அந்தப் பெண்களின் கைகளுக்கும் பங்குண்டு. அவர்களுடைய பெயர்களை வரலாறு நமக்குச் சொல்லவில்லை.

வீட்டு வேலைகளுக்கு நடுவே அவர் செய்த அறிவுப் பணிகள் பல. தந்தையின் காலத்துக்குப் பின்னர் அவர் விட்டுச்சென்ற எழுத்துகளைத் திரட்டிப் பேணுவதில் கணவரோடு சேர்ந்து உழைத்தார். சகோதரர் பெல்லோ அவருடைய அறிவை மதித்தார். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் அஸ்மாவின் ஆக்கங்கள் அறுபதுக்கும் மேற்பட்டவை. பெரும்பாலானவை கவிதைகள். ஃபுல்ஃபுல்தேயையும் ஹவுஸாவையும் அவர் அரபு எழுத்திலேயே எழுதினார். இது நமக்கு அந்நியமான ஒன்றல்ல. நம் முன்னோர்களும் தமிழை அரபு எழுத்தில் எழுதி, அதை அரபுத்தமிழ் என்று அழைத்தார்கள். அரபு எழுத்தைக் குர்ஆன் மத்ரஸாவில் கற்ற பெண், அந்த எழுத்தைக் கொண்டே தன் மொழியில் மார்க்க நூல்களையும் வாசிக்கலாம் என்ற வசதி இரண்டு இடங்களிலும் இருந்தது.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகிறேன். போர் ஓய்ந்த பின்னர் புதிய கிலாபத்தில் இலட்சக்கணக்கான மக்கள் இருந்தார்கள். ஆட்சி மாறிவிட்டது, ஆனால் கிராமத்துப் பெண்களுக்கு வுழூச் செய்யும் முறையோ, தொழுகையின் ஒழுங்கோ, தங்களுக்குரிய உரிமையோ கடமையோ யார் சொல்லிக்கொடுப்பது? ஆண்களுக்குப் பள்ளிவாசல் உண்டு, ஆசிரியர்களைத் தேடிப் பயணம் போகலாம். பிள்ளை வளர்க்கும் இளம் தாய் வீட்டை விட்டு எங்கே போவாள்? போரில் ஊரையும் உறவையும் இழந்து, மொழி தெரியாத வீடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட பெண்களின் நிலைமை இன்னும் துயரமானது.

நானா அஸ்மா இதற்குக் கண்ட வழி எளிமையானது. பெண்கள் கல்வியைத் தேடி வர முடியாவிட்டால், கல்வி பெண்களைத் தேடிப் போகட்டும் என்பதுதான் அது. யார் வெளியே போகக்கூடியவர்கள் என்று பார்த்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களுக்கும், இன்னும் மணமாகாத சிறுமியருக்கும் பயணம் செய்யும் சுதந்திரம் இருந்தது. 1830களில் இவர்களைக் கொண்டு ஓர் அமைப்பை உருவாக்கினார். அதற்கு யன் தாரு என்று பெயர். ஒன்றுகூடியவர்கள் என்பது அதன் பொருள்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவி இருந்தாள். அவளை ஜாஜி என்று அழைத்தார்கள். ஜாஜி என்பது வணிகக் கூட்டங்களைப் பாலைவழியே பாதுகாப்பாக நடத்திச் செல்லும் தலைவருக்கு வழங்கிய சொல். அதே பெயரைக் கிராமத்துப் பெண்ணொருத்திக்குச் சூட்டியதில் எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஜாஜியாக நியமிக்கப்பட்டவளுக்கு அஸ்மா மல்ஃபா எனப்படும் பெரிய ஓலைத் தொப்பியொன்றையும் சிவப்புத் துணியையும் கொடுத்தார். அந்தத் தொப்பிக்கு ஒரு வரலாறு உண்டு. முன்னர் கோபிரில் ஆவி வழிபாட்டுச் சடங்குகளை நடத்திய பெண் தலைவியின் அடையாளமாக அது இருந்தது. மக்கள் ஏற்கெனவே மதித்த அடையாளத்தை அவர் இழிவாக எண்ணி எறிந்துவிடவில்லை. அதையே எடுத்து, ஓதிக்கொடுக்கும் பெண்ணின் தலையில் வைத்தார். அதன் பிறகு மல்ஃபா தொப்பி தூரத்தில் தெரிந்தால், ஆசிரியை வருகிறாள் என்று ஊர் அறிந்துகொண்டது.

இந்தக் குழுக்கள் கிராமங்களிலிருந்து நடந்தே சொகோட்டோவுக்கு வந்தன. வரும்போது தானியம், நெய், பருத்தி போன்ற தங்கள் ஊர் விளைபொருட்களை அன்பளிப்பாகக் கொண்டுவருவார்கள். அஸ்மா அவற்றைத் தேவையுள்ளோருக்குப் பகிர்ந்து கொடுப்பார். அவருடைய வீடே பாடசாலை, அதுவே தர்மம் பகிரும் இடம். அங்கே ஜாஜிகள் ஒரு கவிதையை அவரிடமிருந்து கேட்டு மனனம் செய்வார்கள். பொருளையும் விளக்கத்தையும் கற்பார்கள். ஊருக்குத் திரும்பியதும் வீடு வீடாகப் போய், வெளியே வர முடியாத பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். மாவு இடிக்கும்போதும் நூல் நூற்கும்போதும் பிள்ளையை உறங்க வைக்கும்போதும் அந்தப் பெண்களின் வாயில் அந்தப் பாட்டு இருக்கும். தாளும் மையும் அரிதான காலத்தில், எழுத வாசிக்கத் தெரியாத பெண்ணிடமும் பாடம் நிலைத்து நிற்க இதைவிட நல்ல வழி இருந்திருக்க முடியாது. நம் ஊர்களில் பைத்தும் மாலையும் தாலாட்டும் பாடிய மூத்தம்மாமார் எழுதப் படிக்காமலே எத்தனையோ செய்திகளை மனதில் வைத்திருந்தார்கள் அல்லவா? அது போன்றதுதான்.

அவருடைய கவிதைகளில் ஒன்று குர்ஆனின் 114 சூராக்களின் பெயர்களையும் உள்ளடக்கி முப்பது அடிகளில் அமைந்தது. அதை மூன்று மொழிகளிலும் அவர் ஆக்கினார். அதை மனனம் செய்தவளுக்கு ஒரு துஆவும் கிடைத்தது, பாடத் திட்டமும் கிடைத்தது. சூராக்களின் பெயர் தெரிந்துவிட்டால், பிறகு ஒவ்வொன்றாக விளக்கிச் செல்வது ஆசிரியைக்கு இலகு. வேறொரு கவிதை நபிமாரின் குடும்பத்துப் பெண்களையும் ராபிஆ போன்ற இறைநேசப் பெண்களையும் நினைவுகூர்ந்து, கடைசியில் தம் சமூகத்துப் பெண்களின் பெயர்களையும் அவர்களோடு சேர்த்துச் சொல்கிறது. இன்னொன்று தம் தந்தையின் காலத்து வரலாற்றைச் சொல்கிறது. நோய்களுக்கு ஓதவேண்டியவற்றைப் பற்றியும் அவர் எழுதினார். பெண்ணின் அன்றாடத் தேவை எதுவோ அதைப் பற்றி எழுதினார் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

அவருடைய ஆக்கங்களில் என்னை அதிகம் நெகிழச் செய்தவை இரங்கற் கவிதைகள். அரசரும் தளபதியும் இறந்தால் கவிஞர்கள் பாடுவது எங்கும் உள்ள வழக்கம். அஸ்மாவும் சகோதரர் பெல்லோவுக்கும் கணவர் கிடாடோவுக்கும் பாடினார். பெல்லோவின் மனைவி ஆயிஷா அவருடைய சிறுவயதுத் தோழி. அவருடைய மறைவில் மனமுடைந்து பாடினார். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. ஸஹ்ராத்து என்ற அயலவர் பெண் இறந்தபோதும் ஒரு கவிதை எழுதினார். ஸஹ்ராத்து யார்? பிரசவ வேளையில் ஓடி வந்து உதவியவர். ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட முன்னின்றவர். யாரும் அழைக்க முன்பே உதவிக்கு வந்து நின்ற நல்ல மனதுக்காரர். அவ்வளவுதான். எந்தப் பதவியும் இல்லை. ஹவ்வாஉ என்ற ஜாஜி இறந்தபோதும் எழுதினார். பெண்களையும் பிள்ளைகளையும் அலுக்காமல் கூட்டிக்கொண்டு தம்மிடம் படிக்க வந்தவர் என்பதற்காக அவரை நினைவுகூர்ந்தார்.

ஒரு கலீபாவின் மகள், மற்றொரு கலீபாவின் சகோதரி, வஸீரின் மனைவி. அவர் ஒரு மருத்துவிச்சியின் பெயரை எழுதி வைத்தார். அதனால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பின், வேறொரு கடலின் நடுவே இருக்கும் இத்தீவில், நான் ஸஹ்ராத்து என்ற பெயரை எழுதுகிறேன்.

நம் பாடசாலைப் படிவங்களில் தாயின் தொழில் என்று ஓர் இடம் இருக்கிறது. உம்மா வீட்டில் இருப்பவராக இருந்தால் அதில் ஒரு கோடு கிழித்துவிடுவது பலரின் வழக்கம். அந்தக் கோட்டுக்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கிறது என்று நம் தெருவிலேயே பார்க்கலாம். அஸருக்குப் பின் முன்விறாந்தையில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்கு அலிஃப் பே ஓதிக்கொடுக்கும் பெண், மவுத் வீட்டுக்கு முதலில் போய்ச் சேரும் பெண், நோன்புக் கஞ்சிக்கு அரிசி சேர்த்துக் கொடுக்கும் பெண், வெள்ளம் வந்தால் அயல் வீட்டாருக்கும் சேர்த்து உலை வைக்கும் பெண். இவர்களுக்குச் சம்பளப் பட்டியல் இல்லை, பொன்னாடையும் இல்லை. இவர்கள் இல்லாவிட்டால் ஊர் ஒரு நாளும் ஓடாது. நானா அஸ்மா இதைத் தெரிந்துவைத்திருந்தார். அவர்களை ஒழுங்குபடுத்தினார், கற்பித்தார், தொப்பி அணிவித்து மதித்தார், இறந்த பின்பு பெயரையும் காத்தார்.

அவர் ஆட்சியாளர் வீட்டுப் பெண், அதனால் முடிந்தது என்று சிலர் சொல்லலாம். அதில் உண்மை இருக்கிறது. நூல்களும் நேரமும் ஆதரவான தந்தையும் சகோதரரும் கணவரும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் ஜாஜிகள் அரண்மனைப் பெண்கள் அல்லர். வெயிலில் நடந்து வந்து, ஒரு கவிதையை நெஞ்சில் சுமந்து, மறுபடி நடந்து போய் அயலவளுக்குச் சொல்லிக்கொடுத்த சாதாரணக் கிராமத்துப் பெண்கள். அஸ்மா தனக்குக் கிடைத்ததைத் தன் சுவர்களுக்குள் பூட்டி வைத்திருந்தால், நல்ல கவிஞர் என்ற பெயரோடு அவர் கதை முடிந்திருக்கும். அந்தப் பெண்கள் நடந்ததால்தான் அது ஒரு சமூகத்தின் கதையானது.

பெற்றோருக்கும் இவருடைய வாழ்க்கையில் ஒரு செய்தி இருக்கிறது. அஸ்மாவின் தந்தை மகளைக் கற்பித்தது உத்தியோகத்துக்காக அல்ல. அந்தக் கல்வி திருமணத்தோடு வீணாகவும் இல்லை. மணவாழ்க்கையில் சுமார் இருபது ஆண்டுகள் கடந்த பின்னர்தான் யன் தாரு உருவானது. அதுவரை கற்றதும் எழுதியதும் பிள்ளை வளர்த்ததும் ஒரு பெரிய வீட்டை நிர்வகித்ததும் அதற்குத் துணைநின்றன. நூற்றுக்கணக்கானோருக்கு அளந்து பகிரத் தெரிந்த கை, கல்வியையும் அவ்வாறே பகிர்ந்தது. ஒரு பெண்ணின் படிப்பு எப்போது, எந்த வடிவில் பலன் தரும் என்பதைப் பரீட்சை முடிவு வரும் நாளிலேயே யாராலும் சொல்ல முடியாது.

1837 இல் பெல்லோ மறைந்தார். பின்னர் கணவரும் மறைந்தார். நானா அஸ்மா தம் பணியை விடவில்லை. 1864 இல் அவர் வபாத்தான பின் இளைய சகோதரி மர்யம் பெண்களுக்கு வழிகாட்டும் பொறுப்பைத் தொடர்ந்தார். 1903 இல் சொகோட்டோ ஆங்கிலேயர் வசமானது, கிலாபத் முடிவுற்றது. ஆனால் யன் தாரு முடியவில்லை. கிலாபத்தின் படைகளுக்குக் கிடைக்காத நீண்ட ஆயுள், ஓலைத் தொப்பி அணிந்த பெண்களின் நடைக்குக் கிடைத்தது. அவருடைய கையெழுத்துப் பிரதிகளைச் சந்ததியினர் வீட்டில் பாதுகாத்தார்கள். அக்குடும்பத்தில் வந்த அறிஞரான வஸீர் ஜுனைதுவின் உதவியோடு ஜீன் போய்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அவற்றை ஆராய்ந்தார். 1997 இல் அவை ஒரே தொகுப்பாக ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறின. நைஜீரியாவில் இன்று பாடசாலைகளும் பெண்கள் அமைப்புகளும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றன.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஒரு ஸஹ்ராத்து இருப்பார், அல்லது இருந்திருப்பார். அவர் யாருக்கு ஓதிக்கொடுத்தார், எத்தனை பிரசவத்துக்கு ஓடினார், எந்த வெள்ளத்தில் யாருக்குச் சோறு கொடுத்தார் என்று உம்மாவிடமும் மூத்தம்மாவிடமும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். எழுதத் தெரிந்த நம் கைகள், நம்மை எழுதப் படிக்க வைத்தவர்களுக்குச் செய்யக்கூடிய முதல் நன்றி அதுதான்.

அல்லாஹ் நானா அஸ்மாவின் பணிகளையும், பெயர் எழுதப்படாத அந்தப் பெண்கள் அனைவரின் பணிகளையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.